மாளியேக்கல் வீட்டுப் பாட்டுப்பெட்டி

கல்லாயி ஆற்றங்கரை மரமில்லில் இம்பிச்சிக்கோயா மேஸ்திரி. தடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ளே பொந்து. நடுவுல இல்ல, கிழக்குப் பக்கமா" என்பார். அறுத்துப் பார்த்தால் கிழக்குப் பக்கமாகவே இருக்கும். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, தன் காலுக்குக் கீழே ஒரு வீடே இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்காமல் போனார்.

அவருக்கென்று சொந்தமாக ஓர் அறை கிடையாது. பிறந்த வீட்டில் நான்கு அறை, நான்கு தங்கைகள். அவர்கள் பகுதியான குற்றிச்சிறாவில் கல்யாணமான பெண் எங்கேயும் போக மாட்டாள். கட்டியவன்தான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவான். தங்கைகளுக்கு ஒவ்வொன்றாக நிக்காஹ் நடக்க நடக்க, ஒவ்வொரு அறையாகப் போனது. கடைசித் தங்கையின் கல்யாணத்தன்று கோயாவின் டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வருஷம் அவரே மாளியேக்கல் வீட்டு ஸைனபியைக் கட்டி, அந்த வீட்டின் மேல்மாடி அறைக்குப் புதியாப்பிளையாகப் போனார்.

பெயர்தான் புதியாப்பிளை, அதாவது புதுமாப்பிள்ளை. தாடி நரைத்துப் பேரன் எடுத்தாலும் பெண் வீட்டில் அவன் புதியாப்பிளைதான். பலகாரம் வரும், சாயா வரும், மரியாதை வரும். மனத்தாங்கலாக ஒரு சொல் வராது. புதியாப்பிளை முகம் கோணி ஒரு நாள் வராமல் போய்விட்டால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அந்த மேல்மாடி அறையில்தான் கோயா பாட்டுக் கேட்டார். தேக்குப் பலகை அடித்த சுவர், பலகைத் தளம், உள்முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். காலையில் எழுந்து தன் உம்மா வீட்டுக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு மில்லுக்குப் போவார். மாலையில் திரும்பி வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ முடிந்து நேரே வந்து, நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, அஸர் தொழுகை வரைக்கும் கஸலும் பழைய இந்திப் பாட்டும் கேட்பார். வாரத்தில் அவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான்.

முதலில் இருந்தது அவரே கட்டிய சின்ன வால்வு ஆம்ப்ளிபயர். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர், மொத்தம் எட்டு வாட். அதோடு எட்டு அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இரண்டு, பலாமரப் பெட்டிக்குள். அதை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைக் கெடுத்தது குஜராத்தித் தெரு ஹஸ்முக். கொப்பரை வியாபாரி, சேர்ந்து பாட்டுக் கேட்கும் கூட்டாளி.

"கோயா பாய், எட்டு வாட்ல என்னத்தக் கேக்கறீங்க? எங்க வீட்டு மணியடிச்சாலே அதுக்கு மேல இருக்கும்" என்றான் ஹஸ்முக்.

"வாட்டையா கேக்கறோம் ஸேட்டு? பாட்டைத்தானே."

"தபலாவோட இடது முழவு வயித்துல வந்து தட்டணும். உங்க பெட்டியில அது தகரடப்பா."

அந்தத் தகரடப்பா என்ற சொல் கோயாவின் மனதில் தைத்துவிட்டது. அதில் உண்மையும் இருந்தது. எட்டு அங்குலக் கூம்பு குரலை அழகாகச் சொல்லும். தாழ்ந்த ஸ்வரத்துக்கு வந்தால் மூச்சு வாங்கும். ஹஸ்முக் பம்பாயிலிருந்து நூறு வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் வரவழைத்துக் கொடுத்தான். கோயா பன்னிரண்டு அங்குல வூஃபர் வாங்கி, இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றரை அங்குல மருதுப் பலகை, மூலைகளில் புறாவின் வால் போல விரிந்து ஒன்றையொன்று கவ்வும் பொருத்து. கூம்பின் முதுகுப் பக்கத்துக் காற்றும் வீணாகாமல் முன்னால் வந்து சேர, பெட்டியின் முகத்தில் ஒரு குழாய்த் துளை. உயர்ந்த ஸ்வரத்துக்குத் தனியாகச் சின்ன ஸ்பீக்கர்.

பழையதையும் புதியதையும் அவர் ஒழுங்காகத்தான் ஒப்பிட்டார். சத்தம் கொஞ்சம் கூடின பக்கம்தான் காது சாயும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்து, இதிலிருந்து அதற்கு மாற்ற ஒரு கத்திச் சுவிட்சும் பொருத்தினார். பெரிய பெட்டியில் தபலா நிஜமாகவே அறைக்குள் வந்து உட்கார்ந்தது. டிரான்சிஸ்டர் அந்தப் பெரிய கூம்பைக் கடிவாளம் போட்ட குதிரை மாதிரிப் பிடித்தது. நில் என்றால் நின்றது. ஆனால் பாடுகிறவரின் குரல் மேலே ஏறும்போது, பெரிய ஸ்பீக்கரிலிருந்து சின்ன ஸ்பீக்கருக்குக் கை மாறும் இடத்தில், ஒட்டுப்பலகையில் விரல் வைத்தால் தட்டுப்படுமே, அந்த மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பழையது ஒரே பலகை. ஒட்டு கிடையாது.

முடிவு செய்ய முடியாமல் வீட்டாரைக் கேட்டார். கதவைத் திறந்து வைத்து, வராந்தாவில் நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி ஒரே பாட்டை இரண்டிலும் போட்டார். ஸைனபியின் உம்மா கதீசாபி, அவருக்கு அம்மாயி, கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மருமகனிடம் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"எது நல்லாருக்கு அம்மாயி?"

"ரெண்டும் நல்லாருக்கு. புதியாப்பிளை செஞ்சது நல்லா இல்லாம போகுமா? புதியாப்பிளைக்கு இன்னொரு சாயா வேணுமா?"

"பெருசா, சின்னதா? எது கூடுதல் நல்லாருக்கு?"

"பெருசு பெருசா இருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

கோயா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். சின்னப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. வீட்டாருக்கும் கேட்கட்டுமே என்று அன்றிலிருந்து முற்றத்து ஜன்னலையும் திறந்து வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் அம்மாயி தட்டு நிறைய முட்டமாலை என்ற முட்டை இனிப்பும் நேந்திரம்பழ உன்னக்காயும் கொடுத்தனுப்பினாள். பாட்டு எப்படி என்று கேட்டால், "ரொம்ப நல்லாருக்கு" என்று பதில் வந்தது. பெட்டிக்கு ஏற்ற வீடு வாய்த்திருக்கிறது என்று ஹஸ்முக்கிடம் பெருமையடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, முழவு விழுந்து ஓயும் இடத்தில் ஒரு சின்ன 'கிர்ர்' கேட்டது. கேட்டும் கேட்காத அளவு. ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் பாட்டு எங்கே கேட்கும்? கோயா பெட்டியைக் கழற்றித் திருகுகளை முறுக்கினார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னல் கொக்கியைக் கட்டினார். கிர்ர் போகவில்லை. அது அறைக்குள் இல்லை, கீழே எங்கேயோ இருக்கிறது என்று மூன்றாம் வாரம்தான் புரிந்தது.

கீழ் அறைகள் பெண்கள் புழங்கும் இடம். படியேறி மேலே வருவது, படியிறங்கி வெளியே போவது, அவ்வளவுதான் அந்த வீட்டில் அவருடைய நடமாட்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பு வந்தது. பக்கத்துத் தெருவில் கல்யாணம். காலையிலேயே பெண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் ஆலிக்கோயா மட்டும் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தார். ஸைனபியின் அக்காவைக் கட்டியவர், மூத்த புதியாப்பிளை, இந்த வீட்டில் பதினேழு வருஷம்.

ஒரே ஸ்வரம் நீளமாக ஒலிக்கிற சோதனை கேசட் ஒன்று ஹஸ்முக்கிடம் இருந்தது. கோயா அதைப் போட்டு, தாழ்ந்த ஸ்வரத்தை ஓடவிட்டு, சத்தத்தைத் தேடிக்கொண்டு கீழே இறங்கினார். தன் அறைக்கு நேர் கீழே அம்மாயியின் அறை. கதவைத் தள்ளினார்.

கட்டில் இல்லை. சிவப்புத் தரையில் நாலு கால் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

பலகை அலமாரியில் பித்தளைத் தாம்பாளங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையில், அவள் இடுப்பில் உடுத்திக் கிழிந்த காச்சித் துணி. மூடிகளின் பிடிகளையெல்லாம் நாடாவால் கட்டிப் போட்டிருந்தது. விளக்கின் கண்ணாடிக்குள் பஞ்சு. சாவிக்கொத்துக்குக் கைக்குட்டை. ஜன்னல் கதவுகளின் இடுக்கு ஒவ்வொன்றிலும் மடித்துச் செருகிய பேப்பர். எல்லாம் ஒரு நாளில் செய்த வேலை இல்லை. எது எது அதிர்கிறதோ அதை அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக வாயடைத்திருக்கிறாள். கோயா தன் பெட்டியைச் சரி செய்த மாதிரியேதான் அவள் தன் அறையைச் சரி செய்திருந்தாள்.

ஒரு ஜன்னலில் மட்டும் பேப்பர் நழுவிக் கீழே விழுந்திருந்தது. கிர்ர் அங்கேதான். கோயா குனிந்து அதை எடுத்து விரித்துப் பார்த்தார். பெருமழைச் செய்தி. தேதி, பெரிய பெட்டிகளை மேலே தூக்கிவந்த வாரம்.

தலைக்கு மேலே தளப்பலகை உறுமிக்கொண்டிருந்தது. மேலே தன் அறையில் அது சுகமாக வயிற்றில் தட்டும். கீழே அது வேறு மாதிரி இருந்தது. ஸ்வரம் என்று எதுவும் இல்லை. யாரோ பூட்டிய அறைக்குள் கட்டைகளை உருட்டுகிற மாதிரி இருந்தது. பெட்டியின் அடி தளத்தை அதிரவைக்க, தளமே மூன்றாவது ஸ்பீக்கராகிக் கீழே பாடுகிறது. மரத்தோடு பிறந்து வளர்ந்தவருக்கு இது தோன்றாமல் போயிற்றே.

பேப்பரை மடித்து இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, சமையலறைப் பக்கம் போனார். சாமான் அறையில், அரிசி மூட்டைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில், கட்டில் கிடந்தது.

மேலே போய்க் கேசட்டை நிறுத்திவிட்டு முன்கூடத்துக்கு வந்தார்.

"ஆலிக்கா, அம்மாயி எப்பலேர்ந்து சாமான் ரூம்ல படுக்கறாங்க?"

ஆலிக்கோயா பேப்பரை விலக்கவில்லை. "நீ அந்த ரெண்டு அலமாரியக் கொண்டாந்து வச்சியே, அப்பலேர்ந்து."

"அலமாரி இல்ல, ஸ்பீக்கர்."

"என் பல்செட்டு டம்ளர்ல தானா நடக்கறப்ப அதுக்குப் பேர் என்னவா இருந்தா என்ன?"

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் யாருடா சொல்றதுக்கு? நீயும் புதியாப்பிளை, நானும் புதியாப்பிளை. விருந்துக்கு வந்தவன் இன்னொரு விருந்தாளியப் பாத்து மெதுவா சாப்பிடுன்னு சொல்வானா?" இப்போது பேப்பர் விலகியது. "எனக்குக் கத்தரிக்கா பிடிக்காது, தெரியுமா உனக்கு?"

"நீங்களா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு தட்டு பொரிச்ச கத்தரிக்கா சாப்பிடறீங்களே?"

"வந்த அன்னிக்கு வச்சாங்க. எப்படியிருக்குன்னு கேட்டாங்க. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். பதினேழு வருஷம், இம்பிச்சி. கணக்குப் போட்டா ஒரு தோட்டம் என் வயித்துல இருக்கு."

"வேணாம்னு சொல்றதுதானே?"

"நீ சொல்லேன் பாப்போம், முட்டமாலை வேணாம்னு. அந்த இனிப்ப நீ பூனைக்குப் போடறத நான் பாத்திருக்கேன்."

ஆலிக்கோயா மறுபடி பேப்பருக்குள் போனார். "இந்த வீட்ல வாயத் திறக்கணும்னா யாராவது ஒருத்தன் முதல்ல திறக்கணும். நான் திறக்க மாட்டேன். எனக்கு வயசாச்சு."

அன்று மாலை ஸைனபி கல்யாணப் புடவையை மடித்துக்கொண்டிருந்தபோது கோயா கேட்டார்.

"உனக்குத் தெரியும், இல்ல?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. மடிப்பை நீவிவிட்டாள். "தெரியும்."

"ரெண்டு வருஷமா?"

"உம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். அதான் அந்தப் பக்கம் போய்ட்டா."

"என் பொண்டாட்டி நீ. நீ சொல்லலாம்ல?"

"வடக்கு வீட்டு ரஸியாத்தாவோட புதியாப்பிளைகிட்ட, பீடிப்புகை முற்றத்துக்கு வருதுன்னு ஒருத்தி சொன்னா. அவ்வளவுதான். செருப்ப மாட்டிக்கிட்டுப் போனவரு மூணு வருஷம் வரல." புடவையைப் பெட்டியில் வைத்து மூடினாள். "பீடிக்கே அப்படின்னா, உங்க பெட்டிய ஒரு சொல் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உம்மாதான் சொன்னா. சத்தம் கேட்டா வந்திருக்காருன்னு அர்த்தம், கேட்டுட்டுப் போறேன்னு."

கோயா எழுந்து பெரிய பெட்டிகளின் முன்னால் போய் நின்றார்.

பெட்டிகளைத் தூக்கிவிடலாம். ஆனால் எங்கே வைப்பது? மில்லில் நாள் முழுக்க ரம்பம் கத்தும். உம்மா வீட்டுக் கூடத்தில் நான்கு தங்கை மாப்பிள்ளைகள் சீட்டாடுவார்கள். பாட்டுக் கேட்க இந்த அறையை விட்டால் வேறு இடம் இல்லை. இந்த அறையும் ஸைனபியின் அறை. பாட்டும் வேண்டும், கீழே அந்தக் கட்டிலும் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

வேலையைத் தொடங்கினார். யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்லை என்பதால், வாய் இல்லாத ஒன்றைச் சாட்சி வைத்தார். அம்மாயி தொழப் போகிற நேரமாகப் பார்த்து, ஸைனபி கீழே போய் அந்த அறையில் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பிடி அரிசியைத் தூவுவாள். மேலே கோயா சோதனை ஸ்வரத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். ஸைனபி படியேறி வந்து, அரிசி ஆடியதா என்று சொல்வாள்.

பெட்டிக்கு அடியில் லாரி டயர் ரப்பர் வெட்டி வைத்தார்.

"ஆடுது" என்றாள் ஸைனபி.

"மரியாதைக்குச் சொல்லாதே."

"ஆடுதுன்னு சொல்றது மரியாதையா? பாதி அரிசி தரையில கிடக்கு."

செங்கல்லும் மணலும் வைத்தார். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. குழாய்த் துளையைத் துணியால் அடைத்தார். இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தபலாவுக்குச் சளி பிடித்தது. கடைசியில் பெட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த எட்டு அங்குலக் கூம்புகளை எடுத்து, ஆளுக்கொரு அகலப் பலகையில் பொருத்தினார். முதுகு திறந்தபடி. அப்படி விட்டால் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் பலகையின் ஓரத்தில் சந்தித்து, தாழ்ந்த ஸ்வரத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். மற்றவர்கள் அதைக் குறை என்பார்கள். கோயாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பலகைகளைத் தளத்தில் நிறுத்தவும் இல்லை. உத்தரத்தில் கொக்கி அடித்து, பேப்பூர்க் கயிற்றில் ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார்.

ஸைனபி படியேறி வந்தாள். "அரிசி தூங்குது."

அந்தப் பலகைகளில் நூறு வாட்டையும் எட்டு வாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். காகிதக் கூம்பு மிகவும் லேசு. கொஞ்சம் மின்சாரத்துக்கே பாடிவிடும். இந்தச் சத்தத்துக்கு ஒரு வாட்கூடச் செலவாகவில்லை. மீதித் தொண்ணூற்றொன்பதும் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரே அளவுக்கு வைத்துக் கேட்டால் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நினைத்த அளவு வித்தியாசமும் இல்லை. இதை ஹஸ்முக்கிடம் ஒத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை. தானே கட்டியது என்பதால் வால்வையே வைத்துக்கொண்டார். பெரிய பெட்டிகள் ஹஸ்முக்கின் கொப்பரைக் கிடங்குக்குப் போயின. "உங்களுக்கு வயசாய்டுச்சு கோயா பாய்" என்றான் அவன். "ஆமா ஸேட்டு" என்றார் கோயா.

வெள்ளிக்கிழமை வந்தது. சத்தத்தைப் பயந்து பயந்து வைத்துப் பாட்டைப் போட்டார். முழவு தகரடப்பாதான். இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் அம்மாயியின் நிழல் தெரிந்தது.

"இப்ப எப்படி இருக்கு அம்மாயி?"

"ரொம்ப நல்லாருக்கு. புதியாப்பிளைக்கு சாயா?"

அதே சொல், அதே குரல். இரண்டு வருஷம் இடி இடித்தபோதும் இதுதான் வந்தது. இப்போதும் இதுதான் வருகிறது. அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் இதேதான். கட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடப்பதாக ஸைனபி சொன்னாள். இன்னும் தொந்தரவாக இருக்கிறதா, வேறு காரணமா? யாரிடம் கேட்டாலும் நல்லாருக்கு என்பார்கள். உண்மை வராத வீட்டில் எந்த ஸ்பீக்கரை வைத்து என்ன செய்வது என்று கோயாவுக்குச் சலிப்பு வந்தது. மூன்றாம் வாரம் பாட்டே போடாமல் படுத்துக் கிடந்தார். யாராவது ஒருத்தன் முதலில் வாயைத் திறக்க வேண்டும் என்று ஆலிக்கோயா சொன்னது அப்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது.

நான்காம் வெள்ளி. முன்கூடத்துப் பந்தியில் அவரும் ஆலிக்கோயாவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நெய்ச்சோறு முடிந்து பலகாரத் தட்டு வந்தது. மஞ்சள் நூலாகச் சுருண்டு, பாகு சொட்டச் சொட்ட முட்டமாலை.

கோயா கதவுப் பக்கம் திரும்பாமல், தட்டைப் பார்த்தே சொன்னார்.

"அம்மாயி, எனக்கு முட்டமாலை வேணாம்."

"வயிறு நிறைஞ்சிடுச்சா? மேல கொடுத்தனுப்பட்டா?"

"வயிறு இல்ல. எனக்கு அது பிடிக்காது. ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. பூனைக்குத்தான் போட்டுக்கிட்டிருந்தேன்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த ஸைனபியின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. ஆலிக்கோயா தன் கத்தரிக்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்து, யாரோ பிடுங்க வந்த மாதிரி, அவசர அவசரமாகச் சாப்பிட்டார். அம்மாயியின் காலடிச் சத்தம் உள்ளே போனது.

"என்ன பண்ணிட்டீங்க!" என்றாள் ஸைனபி மேலே வந்ததும். "பதினொரு வருஷமா தன் கையால முட்டைய உடைச்சு, சிரட்டைத் துளையில ஊத்தி ஊத்திச் செய்யறா. பூனைக்குன்னா சொல்லணும்?"

"சொல்லிட்டேன்."

"அழுதுக்கிட்டிருந்தா என்ன செய்வீங்க?"

கோயாவுக்கு அது தோன்றவில்லை. அன்று சாயா வந்தது. தட்டில் ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுவதும் மாலையில் அவர் படியேறும்போது, வழக்கமாகக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கும் "புதியாப்பிளை வந்தாச்சா" கேட்கவில்லை. மில்லில் நல்ல தடியைப் பொந்து என்று சொல்லி, அறுத்த பிறகு முதலாளியிடம் பேச்சு வாங்கினார். தன்னுடைய ஒரே அறையைத் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தார். ஒன்றிரண்டு நாள், உம்மா வீட்டிலேயே தங்கிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் அப்படித்தானே பீடிக்காரர் போனார்? கோயா செருப்பை மாட்டிக்கொண்டு தினமும் மாளியேக்கல் வீட்டுக்கே வந்தார்.

அடுத்த வெள்ளி, பந்தியில் பலகாரத் தட்டு வந்தது. உன்னக்காய் இருந்தது, சமோசா இருந்தது. முட்டமாலை இல்லை. ஆலிக்கோயா அந்தத் தட்டை ஒரு தடவை பார்த்தார், தன் கத்தரிக்காயை ஒரு தடவை பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

கோயா மேலே போய்ப் பாட்டைப் போட்டார். முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் படியில் காலடி கேட்டது. கதவருகே வந்து நிற்கும் என்று பார்த்தால், நிற்கவில்லை. அம்மாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்து, ஸைனபியின் முக்காலியில் உட்கார்ந்தாள். கோயா எழுந்து நின்றுவிட்டார்.

"பூனைக்குப் போட்டியா?" என்றாள்.

"ஆமா அம்மாயி."

"எந்தப் பூனை?"

"அந்த வெள்ளை."

"அதான் அது பெருத்துக் கிடக்கு." ஸைனபி வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாயி அவளைக் கவனிக்கவில்லை. தொங்குகிற பலகைகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லிட்ட. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பாட்டுக்காரன் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து பாடறான்?"

அம்மாயி அதோடு நிறுத்தவில்லை.

"முன்ன இருந்த அலமாரி இடிச்சு என் உசுர வாங்குச்சு. ஆனா அதுல பாட்டு தெளிவா இருந்துச்சு. முற்றத்துல உக்காந்து அரிசி புடைக்கிறப்ப ஒவ்வொரு வார்த்தையும் விழும். இப்ப இடி இல்ல, பாட்டும் இல்ல. கிணத்துக்குள்ள எவனோ மூக்கால முனகறான். அதையும் கொசு மாதிரி வச்சிருக்கே."

பதினொரு வருஷமாக எத்தனையோ பேரிடம் கேட்டுக் கிடைக்காத பதில் அது. பெரிய பெட்டியையும் பலகையையும் நேர் நிறுத்தி, எதில் எது குறை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஹஸ்முக்கூட இப்படிச் சொன்னதில்லை. கோயா பலகைகளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையின் முதுகு தேக்குச் சுவரிலிருந்து ஒரு சாண்தான் தள்ளியிருந்தது. பின்பக்கத்துச் சத்தம் உடனே சுவரில் முட்டித் திரும்பி, முன்பக்கக் குரலோடு மோதுகிறது. கிணறு என்றால் கிணறேதான். இடம் அடைக்கக் கூடாது என்று தான்தான் சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தார்.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஓர் உத்தரம் முன்னால் கொக்கியை மாற்றினார்.

"இப்ப?"

"கிணத்துப் படியில ஏறிட்டான்."

இன்னோர் உத்தரம். இப்போது பலகைகள் கிட்டத்தட்ட அறையின் நடுவில் தொங்கின. கட்டிலுக்குப் போக வேண்டுமானால் குனிந்துதான் போக வேண்டும். ஸைனபி ஏதோ சொல்ல வந்து, உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து கட்டில் பக்கம் போனாள்.

"இப்ப?"

அம்மாயி கண்ணை மூடினாள். பாட்டு ஓர் அடி முழுக்கப் போனது. "ம். வெளிய வந்துட்டான். இந்தப் பக்கத்துப் பலகை ஒரு விரல் தாழ்ந்திருக்கு பாரு."

பார்த்தார். தாழ்ந்துதான் இருந்தது. முடிச்சை அவிழ்த்து ஏற்றிக் கட்டினார்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டிவை. ஜன்னல மூடாதே. இடி வந்தா நானே வந்து சொல்றேன்" என்று எழுந்தாள். வாசலில் ஒரு தடவை நின்றாள். "உனக்கு என்னதான் பிடிக்கும்?"

"அலீஸா" என்று கோதுமையும் இறைச்சியும் குழைந்த கஞ்சியின் பெயரைச் சொன்னார் கோயா. "ஆனா உப்பு கொஞ்சம் கம்மியா."

"ஆரம்பிச்சுட்டான்" என்று ஸைனபியிடம் சொல்லிவிட்டு அம்மாயி படியிறங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே சாமான் அறைப் பக்கத்திலிருந்து ஒரு கரகரப்புக் கேட்டது. மரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். கோயா பாட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். அது கூடத்தைத் தாண்டியது. வாசற்படியில் ஒரு தடவை இடித்துக்கொண்டு நின்றது. ஆலிக்கோயா "தூக்குங்க தூக்குங்க" என்று யாருக்கோ சொன்னார். அப்புறம் கோயாவின் காலுக்கு நேர் கீழே வந்து, நாலு காலும் ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றின.

"எதுக்கு நிறுத்தினே?" என்று கீழேயிருந்து அம்மாயியின் குரல் வந்தது. "பாட்டு முடியலையே. போடு."

கோயா போட்டார்.